பாதை இல்லாத மனையும் கடல் இல்லாத நாடும்

நம் ஊரில் மனை வாங்கப் போகிறவரிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல. "பாதை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். நாலு பக்கமும் அடுத்தவர் நிலம் சூழ்ந்திருந்தால், தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் அந்த மனைக்கு மதிப்பில்லை. வங்கிக்கு வீட்டுக்கடன் மனு வந்தாலும் எங்கள் வக்கீல் கிரயப் பத்திரத்தில் முதலில் தேடுகிற வரிகளில் ஒன்று "வண்டிப்பாதை பாத்தியம் உட்பட" என்பது. அந்த வரி இல்லையென்றால் கடன் இல்லை.

தனி மனிதர்களுக்குச் சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. ஒரே நிலத்தை இரண்டாக்கி விற்று, உள்ளே மாட்டிக்கொண்ட துண்டுக்கு வேறு வழியே இல்லையென்றால், வெளித்துண்டு வழியாகப் போக அதற்கு உரிமை உண்டு என்கிறது 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம். கோர்ட்டுக்குப் போகலாம், தடையாணை வாங்கலாம். நாடுகளுக்கு எந்த முன்சீப் கோர்ட் இருக்கிறது?

உலகில் இப்போது கடல் இல்லாத நாடுகள் 44. அதில் வளரும் நாடுகள் மட்டும் 32. சுவிட்சர்லாந்து மாதிரி பணக்காரர்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார், நேபாளம். மூன்று பக்கம் இந்தியா, வடக்கே இமயமலைக்கு அந்தப் பக்கம் சீனாவின் திபெத். கொல்கத்தாவில் குப்பை கொட்டுகிற எனக்கு, ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்கள் பார்க்கிற மேசையில் "நேபாளத்துக்குப் போகும் வழியில்" என்ற முத்திரை புதிதல்ல. அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

முதல் வரி எழுதப்பட்டது 1923-இல். அந்த வருடம் டிசம்பரில் பிரிட்டிஷ் அரசும் நேபாளமும் ஓர் உடன்படிக்கை போட்டன. அதன் 6-ஆவது ஷரத்து, நேபாள அரசாங்கத்துக்காக வந்து உடனே அங்கே போகிற சாமானுக்கு இந்தியத் துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது என்றது. "அரசாங்கத்துக்காக" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ராணாக்கள் காலம். அரண்மனைக்கு வேண்டிய காரும் கண்ணாடியும் வரியில்லாமல் போகும். காத்மாண்டு கடைத்தெரு வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தக் கார்களும் ஓடிப் போகவில்லை. 1927-இல் ரக்சாலிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை சின்ன ரயில் வந்தது, அதற்கு மேல் கொஞ்ச தூரம் பீம்பேடி வரை ரோடு. அங்கிருந்து மலையேற ரோடே இல்லாததால் மூங்கில் கழிகளில் கட்டி ஆட்கள் தோளில் சுமந்தார்கள். காத்மாண்டுக்கு லாரி போகிற ரோடு 1956-இல்தான் திறந்தது.

அடுத்தது 1950. ஜூலை 31-ஆம் தேதி காத்மாண்டுவில் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நட்பு ஒப்பந்தத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கூடவே ஒரு வர்த்தக ஒப்பந்தமும் வந்தது. இந்தியாவின் நிலம், துறைமுகம் வழியாக மூன்றாம் நாட்டுச் சரக்கை வரியில்லாமல் கொண்டு போகலாம் என்று இந்தியா ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் ஒரு கொக்கி. மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு இந்தியா போடுகிற வரியைவிடக் குறைவாக நேபாளம் வரி போடக் கூடாது. அதாவது பாதை தருகிறேன், உன் வீட்டுக்குள் என்ன விலைக்கு விற்கலாம் என்பதையும் நானே சொல்வேன்!

இந்தியாவின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் நடுவே 1,700 கிலோமீட்டருக்கு மேல் திறந்த எல்லை. வேலி கிடையாது, விசா கிடையாது. நேபாளத்தில் வரி குறைவு, இந்தியாவில் வரி அதிகம் என்றால் சரக்கு என்ன செய்யும்? தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி ராத்திரியோடு ராத்திரியாக இந்தியாவுக்குத் திரும்பிவிடும். கொல்கத்தாவில் வரி கட்டாமல் இறங்கிய பெட்டி பீகாரில் பிரிக்கப்பட்டால் நஷ்டம் இந்தியக் கஜானாவுக்கு.

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1960-இல் வந்த புது ஒப்பந்தம் வரியையும் அன்னியச் செலாவணியையும் நேபாளமே தீர்மானித்துக்கொள்ள வழிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அறுபதுகளில் அங்கே எவர்சில்வர் பாத்திரத் தொழிலும் செயற்கை இழைத் துணித் தொழிலும் திடீரென்று முளைத்தன. வெளிநாட்டிலிருந்து தகடும் நூலும் குறைந்த வரியில் வரும், நேபாளத்தில் ஒரு சுற்று வேலை நடக்கும், சரக்கு இந்தியச் சந்தைக்கு வரும். இந்தியாவில் அன்று இவை இரண்டுக்கும் கடும் வரி, இறக்குமதிக் கட்டுப்பாடு. டெல்லி கோபப்பட்டது. 1970 அக்டோபரில் ஒப்பந்தம் காலாவதியானது. அடுத்தது கையெழுத்தாக 1971 ஆகஸ்ட் வரை ஆயிற்று. வர்த்தகத்தில் வந்த சண்டைக்குப் பாதையும் சேர்ந்து தொங்கியது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இந்தப் பயம்தான் இடைவழிச் சரக்குக்கான காகிதங்களின் அஸ்திவாரம். ஒரு பெட்டி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பெரிய தாய்க்கப்பல் கொல்கத்தாவுக்கு வராது. இது கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற ஆற்றுத் துறைமுகம், ஹூக்ளியில் ஆழம் போதாது. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறக்கி, சின்னக் கப்பலில் ஏற்றி, ஓதம் பார்த்து உள்ளே கொண்டுவர வேண்டும். இறங்கியதும் இறக்குமதியாளரின் ஏஜெண்ட், கஸ்டம்ஸ் டிரான்சிட் டிக்ளரேஷன், சுருக்கமாக சி.டி.டி., தாக்கல் செய்கிறார். கப்பல் பெயர், பெட்டி எண், சரக்கு விவரம், மதிப்பு, எந்த எல்லை வழியாகப் போகும் எல்லாம் அதில் உண்டு. எல்.சி. நகல் போன்ற வங்கிக் காகிதங்கள் கூடவே போகும். கஸ்டம்ஸ் சரிபார்த்துப் பூட்டும் முத்திரையும் போடும். வழியில் கசியக்கூடியது என்று கருதப்படும் சரக்குக்கு, இந்திய வரித்தொகைக்கு ஈடாக இன்சூரன்ஸோ உத்தரவாதமோ வேண்டும். பிறகு சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி ரக்சால். அங்கே இந்தியக் கஸ்டம்ஸ் முத்திரையைப் பார்த்துச் சான்று எழுத வேண்டும், அந்தச் சான்று கொல்கத்தாவுக்குத் திரும்பி வந்தால்தான் கணக்கு முடியும். பாலத்தைத் தாண்டினால் பிர்கஞ்ச். அங்கே நேபாளக் கஸ்டம்ஸ், முதலிலிருந்து இன்னொரு ஆட்டம்.

இதில் ஏதாவது ஒரு காகிதத்தில் எண் ஒன்று பிசகினால் பெட்டி நிற்கும். நின்றால் துறைமுக வாடகை, கப்பல் கம்பெனியின் பெட்டி வாடகை, எல்லாவற்றுக்கும் மேல் வட்டி. எல்.சி. என்பது காகிதத்துக்குப் பணம் கொடுக்கிற ஏற்பாடு. காகிதம் சரியாக இருந்தால் சரக்கு எங்கே கிடந்தாலும் வங்கி பணம் கொடுத்துவிடும். பத்து லட்ச ரூபாய்ச் சரக்கு, வருட வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வழியில் தூங்கினால் பத்தாயிரம் ரூபாய் போச்சு. இதைக் கொடுப்பது யார்? வியாபாரி விலையில் ஏற்றுவார். கடைசியில் கொடுப்பது காத்மாண்டுவில் மருந்து வாங்குகிறவர். கடல் இல்லாத நாட்டுக்குத் தூரம் கிலோமீட்டரில் மட்டுமில்லை, நாளிலும் இருக்கிறது.

சரி, ஒப்பந்தத்துக்குத் திரும்புவோம். 1978-இல், மொரார்ஜி தேசாய் ஆட்சியில், ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. அதுவரை ஒன்றாக இருந்ததைப் பிரித்து வர்த்தகத்துக்குத் தனி, இடைவழிக்குத் தனி, கள்ளக்கடத்தல் தடுப்புக்குத் தனி என்று ஆக்கினார்கள். நேபாளம் வெகு காலமாகக் கேட்டது இதுதான். காரணம் எளிது. வர்த்தகம் என்பது கொடுக்கல் வாங்கல், பேரம் பேசலாம், கோபித்துக்கொள்ளலாம், இன்றைக்கு வேண்டாம் என்று கடையைச் சாத்தலாம். பாதை அப்படியில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அவர் தன் வீட்டுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

அந்தப் பிரிவினைக்குச் சோதனை 1989-இல் வந்தது. நேபாளம் முந்தைய வருடம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியிருந்தது. அங்கே வேலை செய்யும் இந்தியர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றும் விதி போட்டது. டெல்லிக்கு இரண்டும் பிடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் போடுவோம் என்றது இந்தியா. தனித்தனியாகத்தான் வேண்டும் என்றது நேபாளம். மார்ச் 23-ஆம் தேதி இரண்டும் காலாவதியாயின. 15 இடைவழிப் பாதைகளில் ரக்சால், ஜோக்பானி இரண்டைத் தவிர மற்றவை மூடப்பட்டன. இரண்டு வழி திறந்துதானே இருக்கிறது என்பது டெல்லியின் வாதம். ஆனால் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது, அடுப்பெரிக்க மரம் வெட்டப்பட்டது. 1990 வசந்தத்தில் மக்கள் இயக்கம் மன்னர் பிரேந்திராவைக் கட்சிகளுக்கு வழிவிட வைத்தது. இங்கேயும் ஆட்சி மாறியிருந்தது. ஜூனில் வி.பி. சிங்கும் கிருஷ்ண பிரசாத் பட்டராயும் பேசி பழைய நிலையைத் திருப்பினார்கள். 1991 டிசம்பரில் புது ஒப்பந்தங்கள், தனித்தனியாகவே.

சர்வதேசச் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். இருந்தது. 1921 பார்சிலோனா உடன்படிக்கை, காட் ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, கடல்வழி இல்லாத நாடுகளுக்கென்றே 1965-இல் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை, 1982 கடல்சட்ட உடன்படிக்கையின் 125-ஆவது பிரிவு. கடலுக்குப் போய்வர உரிமை உண்டு என்று இந்தக் கடைசி ஒன்று தெளிவாகவே சொல்கிறது. அடுத்த வரியிலேயே, எப்படி என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்றும் சொல்கிறது. பத்திரத்தில் பாத்தியம் உண்டு, கேட்டின் சாவி மட்டும் அடுத்த வீட்டில்!

அதன் பிறகு நடைமுறை நிஜமாகவே முன்னேறியது. 2004-இல் உலக வங்கி உதவியில் கட்டிய பிர்கஞ்ச் உலர் துறைமுகம் திறந்து, கொல்கத்தாவிலிருந்து கண்டெய்னர் ரயில் நேராக உள்ளே போனது. கப்பல் கம்பெனிகள் பிர்கஞ்ச் வரைக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் கொடுக்க முடிந்தது. பின்னர் விசாகப்பட்டினமும் சேர்ந்தது. பெட்டியில் மின்னணுப் பூட்டு மாட்டி வழியெல்லாம் கண்காணிக்கும் முறை வந்தது. சரக்கு வழியில் கசியுமோ என்கிற பயத்துக்கு ஆள் வைத்து, காகிதம் வைத்து, முத்திரை வைத்துத் தேடிய பதிலை ஒரு சின்னக் கருவி கொடுத்தது. 2019-இல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு எண்ணெய்க் குழாயும் வந்தது.

ஆனால் நடுவில் 2015 வந்ததே. ஏப்ரலில் பூகம்பம். செப்டம்பரில் புதிய அரசியல் சாசனம். அதை ஏற்காத தெற்குச் சமவெளி மாதேசிகள் பிர்கஞ்ச் பாலத்தில் உட்கார்ந்தார்கள். லாரிகள் நின்றன. நாங்கள் தடுக்கவில்லை, அந்தப் பக்கம் பாதுகாப்பில்லை என்றது இந்தியா. இது அறிவிக்காத முற்றுகை என்றது நேபாளம். 2016 பிப்ரவரி வரை எரிபொருளும் மருந்தும் தட்டுப்பாடு. இந்த முறை ஒப்பந்தம் காலாவதியாகவில்லை, முழு உயிரோடுதான் இருந்தது.

அடுத்த மாதமே, 2016 மார்ச்சில், நேபாளப் பிரதமர் ஓலி பெய்ஜிங் போய் சீனாவோடு ஓர் இடைவழி ஒப்பந்தம் போட்டார். தியான்ஜின், ஷென்ஜென் உட்பட நான்கு துறைமுகங்கள் என்று 2019-இல் நெறிமுறையும் கையெழுத்தானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் லாபம் இல்லை. தியான்ஜினிலிருந்து நேபாள எல்லை 3,000 கிலோமீட்டருக்கு மேல், அதிலும் இமயமலை. எந்த வியாபாரி அந்த வழியில் எல்.சி. திறப்பார்? ஆனால் அந்த ஒப்பந்தத்தை வியாபாரக் கணக்காகப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரே கேட்டை நம்பி இருக்கிறவர், பின்சுவரில் ஒரு திட்டிவாசலாவது இருக்கட்டும் என்று நினைப்பது மனித சுபாவம். அந்த வாசலைத் தேட வைத்தது 1989-உம் 2015-உம்தான்.

கணக்குப்படி பார்த்தால் இதில் நஷ்டம் நேபாளத்துக்கு மட்டுமில்லை, நமக்கும்தான். வர்த்தகத்தில் கறாராக இருங்கள், கள்ளக்கடத்தலைப் பிடியுங்கள், கொள்கையில் கோபம் இருந்தால் மேஜையில் உட்கார்ந்து சண்டை போடுங்கள். பாதையை மட்டும் அந்தப் பேரத்தில் வைக்காதீர்கள். ஒரு தடவை வைத்துவிட்டால், அதற்கு முன்னால் நாற்பது வருடம் வரியில்லாமல் விட்டதை எவரும் நினைப்பதில்லை, மூடின பதினைந்து மாதத்தைத்தான் பேரப்பிள்ளைக்குச் சொல்வார்கள்.

2023 ஜூனில் இடைவழி ஒப்பந்தம் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. இந்த முறை உள்நாட்டு நீர்வழியையும் சேர்த்திருக்கிறார்கள். கங்கை வழியாக நேபாளத்துச் சரக்கு கடலுக்குப் போகலாம். இமயமலையில் உருகிய தண்ணீர் எந்த சி.டி.டி.யும் இல்லாமல் தினமும் செய்கிற பயணம்தான் அது.