சொல்லாமல் விட்ட வியாதி



புற்றுநோயை நோயாளிக்கே மறைப்பது எங்கள் சனத்தின் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1961 இல் வெளியிட்ட ஆய்வுக்காக டொனால்ட் ஓக்கன் என்ற வைத்தியர் சிகாகோ வைத்தியசாலை ஒன்றில் 219 வைத்தியர்களை விசாரித்திருந்தார். நோயாளிக்கு உண்மையைச் சொல்ல விரும்பாதவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்! 'கட்டி', 'வளர்த்தி' என்று மழுப்பினார்கள். 1979 இல் வெளியான ஆய்வொன்றில் அதே வினாக்கொத்துக்கு ரொச்செஸ்டர் நகரில் 264 வைத்தியர்கள் பதிலளித்தார்கள். 97 வீதமானோர் சொல்வதையே விரும்பினார்கள். கணக்காளனான எனக்கு, ஓர் இலக்கம் இப்படித் தலைகீழானால் எங்கோ பதிவுப் பிழை என்றுதான் முதலில் தோன்றும். இங்கே பிழையில்லை.

இடையில் நடந்தவை பல. சில புற்றுநோய்களை மருந்தால் மாற்ற முடிந்தது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் சிகிச்சை கூடாது என்ற எண்ணம் வலுத்தது. 1974 இல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெற்றி போர்ட் தமது மார்பகப் புற்றுநோயை வெளிப்படையாகச் சொல்ல, ஏராளமான பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். சொன்னால் மனமுடைந்து போவார்கள் என்ற பயம் அனுபவத்தில் கண்டதல்ல, மனதில் கொண்டதே என்று ஓக்கனே அன்று எழுதியிருந்தார்.

அவுஸ்திரேலியாவில் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவை 1973 இல் சிட்னியிலும் மெல்பேணிலும் தொடங்கியது. 83 இன் பின் நாங்கள் வந்திறங்கியபோது அது இருந்தது. ஆனாலும் இங்கிலீசு தெரிந்த பிள்ளை இருக்க வேற்றாள் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

நானறிந்த ஓர் அம்மாவுக்கு மகன்தான் உரைபெயர்ப்பாளர். வைத்தியர் பத்து நிமிடம் விளக்கியதை அவர், "மருந்து ஏத்தினால் சுகம் வருமாம் அம்மா" என்று ஒரு வரியில் முடித்தார். பாசம்தான், வேறென்ன? ஆனால் அந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கும், உடற்சூடு 38 பாகையைத் தொட்டால் இரவானாலும் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் இருந்தது. காய்ச்சல் வந்த இரவு அம்மா இரண்டு பனடோல் போட்டு, போர்த்துக்கொண்டு விடியும்வரை கிடந்தார். கிருமி இரத்தத்தில் கலந்து, ஒன்பது நாள் வைத்தியசாலையில்.

அடுத்த தவணைக்கு உரைபெயர்ப்பாளர் வந்தார். நோயின் பெயரை அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தானே கேட்டார்: "மார்கழியில் பேத்தியின்ரை அரங்கேற்றம். அந்தக் கிழமை மருந்து ஏத்தாமல் விடலாமோ?"

வைத்தியர் நாட்காட்டியைப் பார்த்து ஒரு கிழமை தள்ளிப் போட்டார்.