பர்கூரும் தனியாள் மாசுக் கணக்கும்

பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய பேரூராட்சி. (ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை வேறு.) கல் குவாரிகள், கிரானைட் அறுத்து மெருகேற்றும் பட்டறைகள், மாங்கூழ் ஆலைகள், சிப்காட் தொழில் வளாகம் எல்லாம் இந்த வட்டாரத்தில் உண்டு. இங்கு வாழும் ஒருவர் எவ்வளவு மாசைச் சுவாசிக்கிறார், குடிக்கிறார் என்று அறிய அரசு வெளியிடும் சுற்றுச்சூழல் தரவுகள் ஓரளவு உதவும். ஆனால் அவை இடத்தை அளக்கின்றன, ஆளை அளப்பதில்லை.

காற்றுத் தரக் குறியீடு 2015 ஏப்ரலில் நாட்டளவில் நடைமுறைக்கு வந்தது. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, ஓசோன் உள்ளிட்ட 8 மாசுகளை அது 0 முதல் 500 வரையான ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. ஓசூர் சிப்காட் முதல் கட்ட வளாகத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் உள்ளது. அங்கிருந்து பர்கூருக்குச் சாலை வழியே 60 கிலோமீட்டருக்கு மேல். பர்கூர் என்று தட்டினாலே கைப்பேசிச் செயலி ஓர் எண் காட்டுகிறதே என்றால், அத்தகைய எண்கள் பெரும்பாலும் மாதிரிக் கணிப்புகள். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையின் உலகளாவிய கணிப்பில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கல் பட்டறையும் மாந்தோப்பும் அதில் ஒரே கட்டம்தான்.

தனியாளின் அளவைக் காண, மாசின் செறிவை அவர் அங்கே இருந்த நேரத்தால் பெருக்க வேண்டும். ஊர்க்காற்றில் பிஎம்10 எனப்படும் நுண்துகள் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றும், பட்டறைக்குள் 250 என்றும் வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் பட்டறையிலும் மீதி நேரம் ஊரிலும் இருப்பவரின் 24 மணி நேரச் சராசரி 117. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 100; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 45. உடலை வருத்தி வேலை செய்பவர் ஓய்வாக இருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறார் என்பதை இந்தச் சராசரி சேர்த்துக்கொள்ளவில்லை. தூசியின் எடையைச் சொல்லும் கருவி அது என்ன தூசி என்றும் சொல்லாது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் பொடிந்தால் சிலிக்கா. நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் அதிலிருந்து வருவது.

குவாரிகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி ஆவணங்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கின்றன. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீபக் குமார் வழக்கில் சொன்னது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை இணைக்கப்பட்டிருந்தால் சுற்றுக் கிராமங்களின் காற்று, நீர், இரைச்சல் அளவுகள் அதில் இருக்கும். பயனுள்ளவைதான், ஆனால் பெரும்பாலும் ஒரு பருவத்து அளவுகள், அதுவும் அனுமதி கேட்பவர் காசு கொடுத்து எடுத்தவை. அரசுத் தரவு போதாத இடத்தில் மக்களே அளந்ததும் உண்டு. 2004-இல் கடலூர் சிப்காட்டைச் சுற்றிய ஊர்க்காரர்கள் வாளிக்குள் பையைப் பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த மாவட்டத்தில் காற்றைவிடத் தெளிவாகக் கணக்கிட முடிவது தண்ணீர்தான். நீரில் உள்ள இந்த மாசு ஆலையிலிருந்து வருவதல்ல; பாறையிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கும் ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதனால் பல்லில் பழுப்புக் கறையும் எலும்பு வளைவும் பரவலாக இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கியது. இந்தியத் தர அமைவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. 1.5 உள்ள நீரை நாளுக்கு 2 லிட்டர் குடிப்பவருக்கு 3 மில்லிகிராம் சேரும். சித்திரை வெயிலில் குவாரியில் நின்று 5 லிட்டர் குடிப்பவருக்கு 7.5. ஒரே கிணறுதான்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளின் ஃபுளோரைடு அளவை வெளியிடுகிறது. ஆனால் பாறை வெடிப்புகளில் ஓடும் நீர் கிணற்றுக்குக் கிணறு மாறும். பக்கத்துத் தோட்டத்து எண் நம் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி வீட்டு நீரைச் சோதிக்கலாம். பர்கூர்க்காரருக்குக் காற்றுச் செயலியைவிட அந்த ஒரு தாள் பயன்படும். அளவு கூடுதல் என்று வந்தால் காய்ச்சிக் குடிப்பது தீர்வாகாது. நீர் ஆவியாகக் குறைய, ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிச் செறிவு கூடும்.