பேரன் தீவு

அப்பா அதைப் 'பேரன் தீவு' என்றுதான் சொல்வார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவருக்குப் பேரன் என்றால் மகன் வயிற்றுப் பிள்ளை. அது 'Barren' என்ற இங்கிலீஷ் வார்த்தை, ஒன்றும் விளையாத மலட்டு நிலம் என்று அர்த்தம் என நான் பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொன்னபோது, "நெருப்பைப் பெத்துப் போடுறதை மலடுன்னு எவன்டா சொன்னான்?" என்றார்.

நான் தீவுகளுக்குள் ஓடும் கப்பல்களின் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டே காலத்தை ஓட்டியவன். நிலநூல் படித்தவன் இல்லை. ஆனால் இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை எங்கள் ஜெட்டியிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும்போது, அதன் கதையைத் தேடிப் படிக்காமல் எப்படி இருப்பது?

கடலுக்கு மேலே தெரிவது சுமார் 350 மீட்டர்தான். அடியில் இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல் மலை கடலுக்குள் நிற்கிறது. இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு வடகிழக்கே நகர்ந்து பர்மாத் தட்டின் கீழே சொருகிக்கொண்டு போகிறது. ஆழத்தில் அதிலிருந்து கசியும் நீர் மேலிருக்கும் பாறையை இளக்க, உருகியது மேலே வருகிறது. பழைய மலை எப்போதோ உள்ளே இடிந்து இரண்டு கிலோமீட்டர் அகலக் கிண்ணமானது. அதன் நடுவில் புதிதாய் ஒரு கூம்பு. கிண்ணத்தின் மேற்கு விளிம்பு மட்டும் உடைந்திருக்கிறது. பாகு கடலுக்கு இறங்குவது அந்த வாய் வழியாகத்தான்.

1787 மே மாதம் கோல்புரூக் என்ற ராணுவ அதிகாரி கப்பலில் கடந்து போகையில் புகைத் தூணைப் பார்த்து எழுதிவைத்தார். எழுத்தில் கிடைக்கும் முதல் சாட்சி அதுதான். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் போனபோது மலை நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. மூன்று நான்கு டன் எடையுள்ள கற்கள் வெளியே வீசப்பட்டன என்கிறார். கூம்பின் உயரத்தை 1,800 அடி என்று கணித்தார். பின்னால் அளந்தவர்களுக்கு அது ஆயிரம் அடிக்குச் சற்றுத்தான் கூடக் குறைய வந்தது. கடற்கரைகளை நுணுக்கமாக அளந்த மனிதர்! கல்மழைக்கு முன்னால் எனக்கும் கோணம் பிசகியிருக்கும். இந்த ஊருக்கு அவர் பெயர்தான் இருந்தது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எங்கள் வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான்.

அதன்பின் 1795, 1803 என்று சில வருடங்கள், பட்டியலில் 1852 என்று ஒரு வரி. பிறகு 1991 வரை ஒன்றுமில்லை. "நூற்றைம்பது ஆண்டு தூங்கிய மலை" என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. அங்கே குடியிருந்து பார்த்தவர் யாருமில்லை. கடந்துபோன கப்பல்காரன் கண்ணில் பட்டதுதான் சரித்திரம். கப்பல் வராத இரவில் மலை இருமியிருந்தால் யார் குறித்துவைப்பார்கள்? தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் பார்க்க வந்த மோவாட் குழு 1857 டிசம்பரில் 'புளூட்டோ' கப்பலில் அங்கே போனது. நெருப்பைக் காணவில்லை; கரையில் கொதிநீர் கசிந்துகொண்டிருந்தது.

பெயரில் இன்னொரு குழப்பம். வடக்கே நார்கொண்டம் என்று அணைந்த எரிமலைத் தீவு ஒன்று உண்டு, பச்சைக் காடும் தனக்கே உரிய இருவாச்சிப் பறவையுமாக. அந்தப் பெயர் 'நரக குண்டம்' என்பதன் திரிபு, நியாயமாக எரியும் தீவுக்கே உரியது, வரைபடம் போட்டவர்கள் இடம் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கருத்து உண்டு. இருவாச்சி கூடு கட்டும் காட்டைப் போய் நரகம் என்பதைவிட இது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது.

1991இல் மலை மறுபடி கக்கியது. எங்கள் கப்பல் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது எஞ்சினை மெதுவாக்கச் சொன்னார்கள். மேலே ஏறிவந்தேன். மேல்தளத்தில் செருப்புக்கடியில் கறுப்பாக ஏதோ நறநறத்தது. மேற்கு வாயில் பாகு கடலைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளை ஆவி. பாய்லர் சூட்டில் வேலை பார்த்தவனுக்கும் அந்த ஆவி வேறாகத் தெரிந்தது. அதை மூட வால்வு கிடையாது.

அந்தத் தீவில் ஆடுகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலில் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வழி வந்தவை. நெருப்புக்கும் உப்புக்கும் நடுவே நன்னீர் ஊற்றைக் கண்டுபிடித்துப் பிழைத்தன. மலடு என்று பெயர் வைத்தவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் எங்கள் பக்கத்து நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் புகுந்த கடல் திரும்பவே இல்லை. ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதம், பேரன் தீவு எரியத் தொடங்கியது. பூகம்பம்தான் தட்டி எழுப்பியது என்று ஜெட்டியில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1883 கதை. ஆகஸ்டு மாதக் கடைசியில் போர்ட் பிளேரில் தூரத்துப் பீரங்கி போலச் சத்தம் கேட்டது. ஆபத்தில் சிக்கிய ஏதோ கப்பல் கூப்பிடுகிறது என்று நினைத்து, தேடிப்பார்க்க நீராவிக் கப்பலை அனுப்பினார்கள். வெடித்தது சுமார் 2,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கிரகடோவா. துறைமுகத்தின் அலைமானியும் அந்த அலையை வரைந்து வைத்தது. அதற்கு அடுத்த வருடம் மாலெட் என்ற நிலவியலாளர் பேரன் தீவுக்குப் போய் ஒவ்வொரு பாறையாகப் பார்த்து எழுதினார். அவர் இறங்கியபோது நம் மலை வாய் திறக்கவில்லை.