ஸ்போர்ட்ஸ் ரிம் மாற்றுகிறீர்களா? டயர் அளவைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

மாதா மாதம் மிச்சம் பிடித்த பணத்தில் பழைய டோயோட்டா 86 ஒன்றை வாங்கும் இளைஞர், முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் ரிம்மைத்தான். கடையில் தொங்கும் 18 அங்குல ரிம் கண்ணைப் பறிக்கும். “இதற்கு எந்த டயர் போடலாம்?” என்ற கேள்வி, ரிம்முக்குப் பணம் கட்டிய பிறகுதான் எழும். அப்போது கடையில் இருப்பு எது உள்ளதோ, அதுவே பொருத்தமான டயர் ஆகிவிடுகிறது.

வரிசை இப்படித் தலைகீழாகப் போவதில்தான் சிக்கல். சாலையைத் தொடுவது ரிம் அல்ல, டயர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பகுதி ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக், ஸ்டியரிங், மழையில் பிடிமானம் எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பி இருக்கின்றன. அளவு தவறினால், வளைவில் டயர் மட்கார்டை உரசும். வேகமானி தப்பாகக் காட்டும். குழியில் விழுந்தால் டயரின் பக்கச்சுவர் புடைக்கும். வார இறுதியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் இவற்றில் எதுவும் நடக்கக் கூடாது.

மாற்றியமைக்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில் நம் நாட்டில் பரவலாகத் தெரிந்த முதல் தலைமுறை டோயோட்டா 86 காரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால், கணக்கு எளிதில் விளங்கும். மற்ற கார்களுக்கும் முறை இதுதான்; எண்கள் மட்டும் மாறும்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

இந்தக் கார் 17 அங்குல ரிம்மில் 215/45 ஆர்17 87டபிள்யூ என்ற டயருடன் விற்கப்பட்டது. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தில் 45 விழுக்காடு. ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 87 சுமைக் குறியீடு, ‘டபிள்யூ’ வேகக் குறியீடு.

இந்த எண்களைக் கொண்டு டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிடலாம். 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. பக்கச்சுவர் 215-இல் 45 விழுக்காடு, அதாவது சுமார் 97 மி.மீ. அது மேலும் கீழும் இருப்பதால் இரண்டு மடங்கு. எல்லாம் சேர்த்தால் சுமார் 625 மி.மீ. புதிய டயர் எதுவானாலும் இந்த 625-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

625-ஐ விட்டு விலகாதீர்கள்

பொதுவாக டயர் கடைகளில் 3 விழுக்காடு வரை வேறுபாடு இருக்கலாம் என்பார்கள். அது கடைசி எல்லை, இலக்கு அல்ல. 1 அல்லது 2 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. அடிக்கடி பேசப்படும் அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

215/40 ஆர்18: 629 மி.மீ. வேறுபாடு 0.6 விழுக்காடுதான்.
225/45 ஆர்17: 634 மி.மீ. வேறுபாடு 1.4 விழுக்காடு.
225/40 ஆர்18: 637 மி.மீ. வேறுபாடு 1.9 விழுக்காடு.
235/40 ஆர்18: 645 மி.மீ. வேறுபாடு 3.2 விழுக்காடு. இது தவிர்க்க வேண்டியது.
225/45 ஆர்18: 660 மி.மீ. வேறுபாடு 5.5 விழுக்காடு. மலிவு விலையில் கிடைத்தாலும் இந்தக் காருக்கு ஆகாது.

விட்டம் கூடினால் சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும். வேகமானிக்கு அது தெரியாது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி, 225/40 ஆர்18 போட்ட பிறகு 110 கி.மீ. என்று காட்டும்போது கார் உண்மையில் 112 கி.மீ. வேகத்தில் ஓடும். 225/45 ஆர்18 என்றால் அது 116 கி.மீ. ஆகிவிடும். நெடுஞ்சாலை கேமரா பார்ப்பது வேகமானியை அல்ல, காரை.

பெரிய விட்டத்தால் கியரின் இழுவையும் குறையும். எஞ்சினுக்குச் செலவு செய்து கூட்டிய வேகத்தை, டயர் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு சான்றும் உண்டு. 2021-இல் வந்த அடுத்த தலைமுறை ஜிஆர்86 காருக்கு 18 அங்குல ரிம் கொடுத்தபோது, தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த டயர் 215/40 ஆர்18. ரிம் ஓர் அங்குலம் பெரிதானது, பக்கச்சுவர் சிறிதானது, மொத்த விட்டம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

ரிம்மின் அகலமும் டயரின் அகலமும்

ரிம்மில் இரண்டு அளவுகள் உண்டு. 17×7 என்றால் விட்டம் 17 அங்குலம், அகலம் 7 அங்குலம். ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று தர அளவுகள் வரையறுத்துள்ளன. 215/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8 அங்குலம். 225/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம், 225/40 ஆர்18 டயருக்கு 7.5 முதல் 9 அங்குலம்.

சிலர் அழகுக்காக 9.5 அங்குல ரிம்மில் 215 டயரை இழுத்துப் போடுவது உண்டு. அப்போது பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும். ரிம்மின் விளிம்பு வெளியே தெரியும். குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்மில் படும். காற்று குறைந்த நிலையில் வேகமாக வளைந்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று, காற்று ஒரே நொடியில் போய்விடும் அபாயமும் உண்டு.

ஓஃப்செட்: கண்ணுக்குத் தெரியாத எண்

பலரும் ஏமாறுவது இங்கேதான். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், காரின் மையத்தில் பொருந்தும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஓஃப்செட். டோயோட்டா 86 காரின் 17×7 ரிம்மின் ஓஃப்செட் +48. இந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும்.

18×8 அளவில் +45 ஓஃப்செட் ரிம் மாட்டினால், பழையதைவிட வெளிப்பக்கம் சுமார் 16 மி.மீ. தள்ளி நிற்கும், உட்பக்கம் சுமார் 10 மி.மீ. நெருங்கும். ஆனால் 18×8.5 அளவில் +35 ரிம் என்றால், வெளிப்பக்கம் சுமார் 32 மி.மீ. தள்ளி வந்துவிடும். அகலத்தில் வித்தியாசம் அரை அங்குலம்தான். பலனோ இரு மடங்கு.

சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சாலைச் சோதனையில் சம்மன் வாங்க நேரிடலாம். அதிகமாக வெளியே தள்ளிய சக்கரம் வீல் பேரிங்கின் மீதும் கூடுதல் பாரத்தை ஏற்றும். ஸ்டியரிங்கும் குழிக்குக் குழி கையை இழுக்கும். ஸ்பிரிங்கை வெட்டியோ, மாற்றியோ காரைத் தாழ்த்தியிருந்தால் இடைவெளி இன்னும் குறைவு. எனவே காரைத் தாழ்த்தும் திட்டம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகு இடைவெளியை அளந்து ரிம் வாங்குவதே முறை.

நட்டு விஷயத்தில் கவனம்

டோயோட்டா 86 காரைத் தயாரித்தது சுபாரு. அதனால் சக்கரப் பகுதி முழுவதும் சுபாருவின் அளவுகளே. ஐந்து நட்டுகள் அமரும் வட்டம் 100 மி.மீ., அதாவது பட்டறைகளில் சொல்லும் பிசிடி 5×100. சந்தையில் நிறையக் கிடைக்கும் 5×114.3 ரிம்கள் இதற்குப் பொருந்தா. நடுத்துளை 56.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்களில் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். இல்லையென்றால் ரிம் நடுவில் சரியாக அமராமல், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கக்கூடும். அதை பேலன்சிங் கோளாறு என்று நினைத்துப் பலமுறை கடைக்கு அலைபவர்களும் உண்டு.

நட்டின் மரை இதைவிட முக்கியம். மற்ற பெரும்பாலான டோயோட்டா கார்களின் நட்டு 12 மி.மீ. தடிப்பும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது. இந்தக் காருக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. “டோயோட்டா நட்டு” என்று கேட்டு வாங்கி, காற்றுத் துப்பாக்கியால் முடுக்கினால் போல்ட்டின் மரை நாசமாகும். இறுகியது போலத் தோன்றும் நட்டு ஓட்டத்தில் தளரவும் கூடும். முதல் சில சுற்றுகளைக் கையால் திருகிப் பார்த்தாலே பொருந்துகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சுமை, வேகம், வயது

சுமைக் குறியீடு 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். ‘டபிள்யூ’ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரைக்கான தரம், ‘வி’ என்றால் 240, ‘ஹெச்’ என்றால் 210. புதிய டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவர் குட்டையான 18 அங்குல டயர்கள் பலவற்றில் எக்ஸ்எல் என்று இருக்கும். அவை கூடுதல் சுமை தாங்குவது கூடுதல் காற்றழுத்தத்தில்தான் என்பதை மறக்கக் கூடாது.

பயன்படுத்திய டயர் வாங்குவோர் பூ எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்கிறார்கள். சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். அதோடு பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. பூ ஆழமாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகி ஈரச் சாலையில் பிடிமானத்தை இழக்கும்.

ரிம்மைப் பொறுத்தவரை, ஜப்பானியத் தர அடையாளமான ஜேடபிள்யூஎல் முத்திரை உள்ளதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். முத்திரையையும் போலியாக அச்சிட முடியும் என்பதால், நம்பகமான கடையில் வாங்குவது அதைவிட நல்லது.

தோட்டச் சாலைக்கு எது ஏற்றது?

நகரத்தில் மட்டும் ஓடும் காருக்கு 18×7.5 அல்லது 18×8 ரிம், 45-ஐ ஒட்டிய ஓஃப்செட், 215/40 அல்லது 225/40 டயர் என்பது பொருத்தமான தேர்வு.

செம்பனை லோரிகள் ஓடிக் குழி விழுந்த தோட்டச் சாலையில் வாரந்தோறும் போய்வரும் காருக்குக் கணக்கு வேறு. அங்கே ரிம்மைக் காப்பாற்றுவது பக்கச்சுவர்தான். 215/40 ஆர்18 டயரில் அது 86 மி.மீ.; மூலத்தில் 97 மி.மீ.; 225/45 ஆர்17 டயரில் 101 மி.மீ. எனவே 17 அங்குலத்திலேயே நின்று, 7.5 அல்லது 8 அங்குல அகலமுள்ள ரிம்மில் 225/45 ஆர்17 போடுவது அகலத்தையும் தரும், குழியையும் தாங்கும். பெரும்பாலும் 18 அங்குல டயரைவிட விலையும் குறைவு. அகலம் கூடக் கூட மழைநீர் தேங்கிய சாலையில் டயர் மிதக்கும் வாய்ப்பும் கூடும் என்பதால், அதற்கு மேல் அகலப்படுத்துவது அன்றாட ஓட்டத்துக்குத் தேவையில்லை.

பொருத்தும் நாளில்

நான்கையும் பொருத்தும் முன் ஒரு சக்கரத்தை மட்டும் முன்பக்கம் மாட்டிப் பார்க்கலாம். பிரேக் கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பினால் எங்காவது உரசுகிறதா என்று கவனிக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு, ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிப் பார்த்தால் போதும். உரசினால் மட்கார்டு உள்விளிம்பிலோ டயரின் தோளிலோ தடம் தெரியும்.

இந்தக் காரின் நட்டுகளை டோர்க் ஸ்பேனரால் 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்க வேண்டும். சுமார் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும். அலைன்மெண்ட் அவசியம். காற்றழுத்தத்துக்கு, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையின் அளவே தொடக்கப் புள்ளி. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிட்டால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வராது.

கழற்றிய மூல ரிம்களை அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம். காரைக் கைமாற்றும் நாளிலும், புதிய ரிம் வளைந்து பட்டறையில் கிடக்கும் வாரத்திலும் அவைதான் கைகொடுக்கும். ரிம் கடைக்குப் போகும்போது, விட்டம், அகலம், ஓஃப்செட், பிசிடி, நடுத்துளை, நட்டு மரை ஆகிய ஆறையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒன்றுக்குக்கூட கடைக்காரர் “பரவாயில்லை, ஓடும்” என்று பதில் சொன்னால், அடுத்த கடையைப் பார்ப்பது நல்லது.