தாலூகா கச்சேரியும் ஏரிக்கரையும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள்: 1017-ல் இராமாநுஜர் அவதரித்த தலம், 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம், கார் கம்பெனி. நான் நாலாவதாக ஒன்று சொல்கிறேன்: நம்ம தாலூகா கச்சேரியில் இருக்கும் நிலக் கணக்கு.

1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்தார். நஞ்சை, புஞ்சை, வீடு, தோப்பு, ஏரி, குளம் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின. கணக்குப்பிள்ளைமார் அதை ஓலையில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு அதிகாரம் ஒரே ஊரில் நிற்கவில்லை. கருங்குழி, காஞ்சிபுரம் என்று மாறி, 1859-க்குப் பின் கலெக்டர் கச்சேரி சைதாப்பேட்டைக்குப் போனது. 1968-ல் மறுபடி காஞ்சிபுரம் வந்தது. 1980-ல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1997-ல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. நம்ம ஊர் காஞ்சிபுரத்தோடு நின்றது.

கோடு எத்தனை தரம் மாறினாலும் தண்ணீருக்கு அது தெரியாதே! வருஷம் முழுக்க ஓடும் ஆறு நமக்குக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் பிடித்துத்தான் பிழைத்தோம். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு. அப்படியே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரித் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்கு. அங்கே மிஞ்சினது அடையாற்றுக்கு. 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி திறந்தபோது சென்னையே இந்தச் சங்கிலியைத் தெரிந்துகொண்டது.

இந்தச் சங்கிலிக்கு நடுவில்தான் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட்டுகள் எழுந்தன. 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியும் போனது. வேலை கொடுத்த ஆலைகளை நான் குறை சொல்லவில்லை. நம்மில் பாதிப்பேர் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் கம்பெனி வரும், போகும். தூர்ந்த வாய்க்கால் தானாகத் திரும்பி வராது.

எங்க பெரியப்பாவுக்கு எந்த மதகுத் தண்ணீர் எந்த வயலுக்கு என்பது மனப்பாடம். என் மகனுக்கு ஆலையின் ஷிப்ட் பஸ் எங்கே நிற்கும் என்பது மட்டுந்தான் தெரியும். இடைப்பட்ட இந்த அறிவு இப்போது கச்சேரிக் காகிதத்தில்தான் மிச்சமிருக்கிறது: 'அ' பதிவேடு, புல வரைபடம், கிராம வரைபடம்.

ஆகவே தம்பி தங்கையரே, மனை வாங்கும் முன், சுற்றுச்சுவர் எழுப்பும் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'வாய்க்கால் புறம்போக்கு' என்று எழுதியிருந்தால், தரையில் தண்ணீர் இல்லாவிட்டாலும், அது வாய்க்கால்தான்.