பெரட்டுக்களத்தில் கேமரா இல்லை

பாட்டியின் தகரப்பெட்டியில் மொத்தம் 41 படங்கள். பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். பெட்டியில் கல்யாணம் இருக்கிறது, காதுகுத்து இருக்கிறது, தீமிதி இருக்கிறது, தாத்தாவின் சாவுகூட இருக்கிறது. வாளியோடு பாட்டி நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.

பிலிமா டிஜிட்டலா என்று என் கூட்டாளிகள் இப்போது அடித்துக்கொள்கிறார்கள். பிலிமில்தான் உயிர் இருக்கு என்கிறான் ஒருவன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பெட்டியைத் திறக்கும்வரை.

எங்கள் குடும்பத்தின் முதல் படம் ஆசைக்கு எடுத்ததில்லை. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 12 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை கட்டாயமானது. பூட்டனார் அதற்காகத்தான் முதன்முதலாகக் கேமரா முன்னால் உட்கார்ந்தார். முகத்தில் பயம் அப்படியே தெரிகிறது.

அதன் பிறகு ஸ்டூடியோ வந்தது, கைக்கேமராவும் வந்தது. ஒரு சுருளில் 36 படம். சுருள் வாங்கக் காசு, கழுவக் காசு, அச்சுப் போடக் காசு. நாள் கூலிக்காரர் அதை விசேஷத்துக்குத்தான் செலவழிப்பார். விடியுமுன் பெரட்டுக்கு நிற்பதையும் ஆயக்கொட்டகையில் பிள்ளையை விட்டுப் போவதையும் யார் படம் பிடிப்பார்கள்? பிடிக்க நினைத்தாலும் முடியாது. கடையில் கிடைத்த சாதாரணச் சுருளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். பால் நன்றாக வடிவதோ வெயில் ஏறுவதற்கு முன்னால். மரநிழலின் விடிகாலை இருட்டில் அந்தப் பிலிமுக்குக் கண் தெரியாது. தோட்டத்து வேலையைக் காட்டும் பழைய அஞ்சலட்டைகள் உண்டு. அவை வெளியாட்கள் எடுத்தவை. அதில் நிற்பவர்களுக்குப் பெயர் இருக்காது.

டிஜிட்டல் கேமரா பிறந்தது 1975இல், கோடாக் கம்பெனிக்குள்ளேயே. ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் செய்தது. 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிக்க 23 விநாடி பிடித்தது. சுருள் விற்றுப் பிழைத்த கோடாக் அதை முன்னே தள்ளத் தயங்கியது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

படம் எடுக்கக் காசு தேவையில்லை என்ற காலம் எங்களிடம் வந்து சேர்ந்தபோது எங்கள் லயம் காலியாகிவிட்டது. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். தோட்டம் இருந்தபோது படம் எடுக்க வழியில்லை. வழி வந்தபோது தோட்டம் இல்லை.

அதனால் அன்றாடத்துக்கு என் தேர்வு டிஜிட்டல்தான். இருட்டிலும் எடுக்கலாம், வீணாகுமே என்று யோசிக்கவும் வேண்டாம். ஆனால் பிலிமிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. ஐம்பது வருசத்து நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும், உருவம் தெரியும். இந்த ஊர் ஈரத்தில் அதற்கும் பூஞ்சை பிடிக்கும், உண்மைதான். ஆனாலும் அது கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழியும். என் பழைய கைப்பேசி செத்தபோது மூன்று வருசப் படங்கள் ஒரே நாளில் போயின.

இப்போது வருசத்துக்கு 36 படங்களைத் தேர்ந்தெடுத்துத் தாளில் அச்சடிக்கிறேன். பின்பக்கம் பெயர், ஊர், தேதி. விசேஷப் படங்கள் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கு.

போன மாதம் பாட்டியிடம் காட்டினேன். தொழிற்சாலைச் சட்டையோடு, இன்னும் விடியாத ரோட்டில், அம்மா பஸ்ஸுக்கு நிற்கிற படம் ஒன்று இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதையெல்லாமாடா படம் புடிப்பாங்க?”

மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை மட்டும் எடுத்துத் தகரப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.