பிரௌனிங்கின் பெயரும் சேவின் கூடும்

மேகசின் என்றதும் இதழையே நினைப்பவர்கள் நாம். கைத்துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டுக்கும் அதுவே பெயர். கூட்டின் வாய் சற்றே நெளிந்தாலும், உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்தாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். உயர்ந்த துப்பாக்கியும் அப்போது வெறும் இரும்புதான்.

பிரெஞ்சுப் படை கேட்ட, மிகுதியான தோட்டாக்கள் கொள்ளும் கைத்துப்பாக்கியை வடிவமைக்கத் தொடங்கிய அமெரிக்கர் ஜான் பிரௌனிங், 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் காலமானார். பணியை நிறைவேற்றியவர் பெல்ஜியரான டியூடோனே சேவ். தோட்டாக்களை இரு வரிசையாக அடுக்கி, வாயருகே ஒற்றை வரிசையாகக் குவியச் செய்த கூடு அவருடைய ஆக்கமே. அமெரிக்கப் படையின் துப்பாக்கி 7 தோட்டாக்கள் கொண்டிருக்க, 1935இல் வெளிவந்த இது 13 கொண்டது.

1940இல் பெல்ஜிய ஆலை ஜெர்மானியர் வசமாயிற்று. நேச நாடுகளுக்காக அதே துப்பாக்கி கனடாவின் டொராண்டோவில் உருவாயிற்று. எதிரெதிர் அணிகள் ஒரே கூட்டை ஏந்திப் போரிட்டன! பின்னாளில் நம் இசாப்பூர் ஆலையிலும் அது பிறந்தது.

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை, பொதுமக்களுக்கென 10 தோட்டாக்களுக்கு மேற்பட்ட புதிய கூடுகள் செய்யத் தடையிருந்தது. மலிவாகத் துப்பாக்கி வாங்கியவரும் நல்ல பழைய கூட்டுக்காக அலைய நேர்ந்தது.

துப்பாக்கி இன்றும் பிரௌனிங்கின் பெயரால் வழங்குகிறது. கொல்லும் கருவியின் வரலாற்றிலும் உழைத்த கை ஒன்று, பெயர் பெற்றது வேறொன்று என்பதை நாம் குறித்துக்கொள்ளலாம்.